அடங்குவது வேறு, அடக்குவது வேறு: ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய ஆசிரியர்களே,

வணக்கம். முப்பத்து மூன்று ஆண்டுகள் தென் மாவட்ட அரசுப் பள்ளிகளில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். வெளியே நின்று குறை சொல்ல வரவில்லை. சுண்ணக்கட்டித் தூள் இன்னும் விரலை விட்டுப் போகாதவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். பள்ளி திறக்கும் நேரத்தில் உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். ஆனாலும் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் பேத்தி ஏழாம் வகுப்பு முடித்திருக்கிறாள். ஆண்டு இறுதியில் அவளுடைய மதிப்பீட்டு அட்டை வீட்டுக்கு வந்தது. தமிழிலும் கணக்கிலும் நல்ல மதிப்பெண். கடைசிப் பக்கத்தில் பண்புகளுக்கென்று சில கட்டங்கள் இருந்தன: தூய்மை, நேரந்தவறாமை, பணிவு. பணிவுக்கு எதிரே 'சி' என்று போட்டிருந்தது. கீழே சிவப்பு மையில் ஒரு வரி: "எதிர்க்கேள்வி கேட்கிறாள். அடக்கம் தேவை."

"என்னம்மா கேட்ட?" என்றேன். அடக்கமுடைமை அதிகாரம் நடந்துகொண்டிருந்ததாம். பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும், எதிர்த்துப் பேசக் கூடாது, அதைத்தான் வள்ளுவர் அடக்கம் என்கிறார் என்று டீச்சர் விளக்கியிருக்கிறார். இவள் எழுந்து, "பிள்ளைங்களுக்கு மட்டும்தான் சொன்னாரா டீச்சர்? பெரியவங்களுக்கு ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டிருக்கிறாள். வகுப்பு சிரித்திருக்கிறது. டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது.

"நான் தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன் ஆச்சி" என்றாள் பேத்தி. அவளை நான் அறிவேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருப்பாள்.

விடை அதே அதிகாரத்தில் இருக்கிறது. "அடக்கம் அமரருள் உய்க்கும்" என்று தொடங்கிய வள்ளுவர் ஐந்தாவது குறளில், "எல்லார்க்கும் நன்றாம் பணிதல், அவருள்ளும் செல்வர்க்கே செல்வம் தகைத்து" என்கிறார். பணிவு எல்லோருக்கும் நல்லதுதான். ஆனால் உள்ளவர்களிடம் அது இருந்தால் அவர்களுக்கு இன்னொரு செல்வம் சேர்ந்தது போல. எல்லோரையும் சொல்லிவிட்டு, அந்த எல்லோருக்குள்ளும் யாரைத் தனியாக எடுத்து நிறுத்துகிறார் பாருங்கள். இல்லாதவனை அல்ல, பிள்ளையை அல்ல. கையில் ஏதோ ஒன்றை நிறைய வைத்திருப்பவரை. வகுப்பறையில் அப்படி நிறைய வைத்திருப்பவர் யார்? பிரம்பு போய்விட்டது, உண்மைதான். மதிப்பெண்ணும் சிவப்பு மையும் இருக்கின்றன. ஒரு பிள்ளையின் பெயரைக் காப்பாற்றவும் கெடுக்கவும் நம்மால் முடியும்.

அந்த ஆசிரியரின் மீது எனக்குக் கோபம் இல்லை. கோபப்பட எனக்குத் தகுதியும் இல்லை. அதனால்தான் இதை அவருக்குத் தனிக் கடிதமாக எழுதாமல் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

1994 என்று நினைவு. அப்போது நான் வேலை பார்த்த பள்ளிக்குச் சுற்று வட்டாரத்து ஊர்களிலிருந்து பிள்ளைகள் நடந்தும் சைக்கிளிலும் வருவார்கள். பத்தாம் வகுப்பில் ஒரு பையன். பழைய சைக்கிள் ஒன்றில் வருவான். பள்ளி வாசலில் ஆசிரியர்கள் நின்றால் மற்றப் பிள்ளைகள் இறங்கி உருட்டிக்கொண்டு போவார்கள். இவன் இறங்க மாட்டான். தலையை லேசாகச் சாய்த்து "வணக்கம் டீச்சர்" என்று சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டே உள்ளே போய்விடுவான். ஆசிரியர் அறையில் பேச்சு எழுந்தது. "என்னா திமிரு பாத்தீங்களா!" நானும் சேர்ந்துதான் சொன்னேன். ஒருநாள் அவனை வாசலிலேயே நிறுத்தி, எல்லோரும் பார்க்க முட்டி போட வைத்தேன். காலை வழிபாடு முடிகிற வரை முட்டி போட்டிருந்தான். அழவில்லை. அதையும் திமிர் என்று எடுத்துக்கொண்டேன்.

சில நாள் கழித்து அவன் அம்மா வந்தார். என்மீது கோபப்படவில்லை. என் முன்னால் நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்: "எங்க ஊர்ல மேலத்தெரு வழியா வந்தா நாங்க சைக்கிள உட்டு எறங்கி உருட்டிக்கிட்டுத்தான் வரணும் டீச்சர். செருப்பையும் கழட்டிரணும். அவங்கய்யா இவன்கிட்ட சொல்லிருக்காவ, 'ரோட்டுக்கு வந்த பெறகு எறங்காத, பள்ளிக்கூடத்துல எறங்காத, அங்கதான் ஒன்ன யாரும் எறங்கச் சொல்ல மாட்டாவ'ன்னு. அதத்தான் புள்ள புடிச்சிக்கிட்டான்."

இறங்கச் சொன்னவள் நான்.

அந்த அம்மாவிடம் என்ன சொன்னேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. மன்னிப்புக் கேட்கவில்லை என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும். ஆசிரியர் ஒருவர் பெற்றோரிடம், அதுவும் அந்தத் தெருவிலிருந்து வந்த ஒருவரிடம், பிழை செய்துவிட்டேன் என்று சொல்வது அன்றைக்கு என் கற்பனையிலேயே இல்லை. அந்த ஆண்டு மாற்றுச் சான்றிதழ் எழுதுகிறபோது நடத்தை என்ற இடத்தில் மற்றவர்களுக்கு 'நன்று' என்று எழுதிய கை அவனுக்கு 'திருப்திகரம்' என்று எழுதியது. அவன் அம்மா வந்து சொன்ன பிறகும்! ஏன் அப்படி எழுதினேன் என்று இத்தனை ஆண்டு கழித்து என்னையே கேட்கிறேன். என் தவறு எனக்குத் தெரிந்துவிட்டது என்பதே அவன்மீது எனக்குக் கூடுதல் எரிச்சலைத் தந்திருக்க வேண்டும். செருக்கு என்று நான் அறிந்த எல்லாவற்றிலும் மோசமான செருக்கு அதுதான். அது என்னிடம் இருந்தது, அந்தப் பையனிடம் இல்லை.

சைக்கிளை விட்டு இறங்குவது, செருப்பைக் கழற்றுவது, தோளில் கிடக்கும் துண்டை இடுப்புக்கு இறக்குவது: இவற்றுக்கெல்லாம் ஊரில் பெயர் 'மரியாதை'. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் அவற்றைப் பதிந்து வைத்திருக்கிறார். தங்க நகையோ வெள்ளி நகையோ போடக் கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. சட்டை கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலுடம்பை மூடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது. மீறினவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. அடுத்த ஆண்டு தடைகள் பதினொன்றாயின. அதில் ஒன்று நம் வேலையைப் பற்றியது: அவர்கள் பிள்ளைகள் படிக்கக் கூடாது, எழுத்தறியக் கூடாது.

அதற்கும் முன்னால், தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், மேல்சாதியார் முன்னால் மார்பை மூடாமல் நிற்பதே ஒடுக்கப்பட்ட பெண்கள் காட்ட வேண்டிய மரியாதை என்று இருந்தது. ஒரு தலைமுறைக்கும் மேலாகப் போராடி, 1859 ஜூலை 26 அன்று அரசர் அறிவிப்பு வந்த பிறகுதான் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமை பெற்றார்கள். அப்போதும், மேல்சாதிப் பெண்கள் அணிகிற மாதிரி அணியக் கூடாது என்ற நிபந்தனையோடு. மூடிக்கொண்ட பெண்ணுக்கு அந்தக் காலத்து ஊர் என்ன பெயர் வைத்திருக்கும்? திமிர் பிடித்தவள் என்றுதான். ஆசிரியர் அறையில் நாங்கள் சொன்ன அதே சொல்.

அந்தச் சொல்லையே கொஞ்சம் பாருங்கள். திமிர் என்றால் மரத்துப்போவது என்றும் பொருள் உண்டு. தமிழ் விவிலியத்தைப் படித்தவர்களுக்குத் 'திமிர்வாதக்காரன்' தெரியும், கைகால் உணர்விழந்து கிடந்தவன். எனக்கு இந்தப் பொருள் மிகச் சரியாகப் படுகிறது. அடுத்தவருக்கு வலிப்பது நமக்கு உறைக்காமல் போவதுதான் திமிர். நிமிர்ந்து நடக்கிறவன் திமிர் பிடித்தவன் அல்லன். காலடியில் எதை மிதிக்கிறோம் என்ற உணர்வு போனவனே திமிர் பிடித்தவன். முட்டி போட்டிருந்தவனுக்கா, போட வைத்தவளுக்கா, யாருக்கு மரத்துப்போயிருந்தது?

தமிழாசிரியர்களுக்கு மட்டும் ஓர் இலக்கணச் செய்தி. நீங்கள் தன்வினை, பிறவினை நடத்தும்போது உருண்டான் - உருட்டினான், திருந்தினான் - திருத்தினான் என்று எழுதிப்போடுவீர்கள். அந்த வரிசையில் 'அடங்கினான் - அடக்கினான்' என்பதையும் எழுதிவிட்டு ஒரு நிமிடம் கரும்பலகையைப் பாருங்கள். ஒருவன் தானே அடங்குவதும் அடக்கம், ஒருவனைப் பிடித்து அடக்குவதும் அடக்கம். பெயர்ச்சொல் இரண்டுக்கும் ஒன்றாகவே நிற்கிறது. வள்ளுவர் பேசியது தன்வினை அடக்கம். "நிலையின் திரியாது அடங்கியான்" என்கிறார். தன் நிலையிலிருந்து வழுவாமல், ஆனால் அடங்கியவன். அவன் தோற்றம் மலையைவிடப் பெரிது என்கிறார். அடக்கப்பட்டவன் அல்லன் அவன். பொங்குவதற்கு வலிமை இருந்தும் பொங்காதவன். வலிமையே கொடுக்காமல் வளர்த்த பிள்ளையிடம் அந்த அடக்கம் எப்படி இருக்கும்? கேள்வி கேட்கத் தெரியாத பிள்ளை அடக்கமான பிள்ளை என்று எழுதுகிறோம். நீச்சல் தெரியாதவன் ஆற்றில் இறங்காமல் இருப்பதைக் கட்டுப்பாடு என்று சொல்வதைப் போன்றது அது.

அடக்கமுடைமையை நடத்துகிறோம், சரி. மானம் என்ற அதிகாரத்தையும் கூடவே வைத்து நடத்த வேண்டும் என்பது என் வேண்டுகோள். அதில் 963ஆம் குறள்: "பெருக்கத்து வேண்டும் பணிதல், சிறிய சுருக்கத்து வேண்டும் உயர்வு." பெருகி இருக்கிறபோது பணிய வேண்டும். சுருங்கிப்போன காலத்தில் நிமிர வேண்டும். பணிவு நல்லது, செருக்கு கெட்டது என்று நாம் ஒற்றை வரியில் முடித்துவிடுகிறோம். வள்ளுவர் ஆளைப் பார்க்கிறார், அவன் நிற்கிற இடத்தைப் பார்க்கிறார், பிறகுதான் சொல்கிறார். ஓரிடத்தில் அறமாக இருக்கிற பணிவு இன்னோரிடத்தில் அறம் அல்ல. நாம் இதைத் தலைகீழாக நடத்திக்கொண்டிருக்கிறோம். சுருங்கிய வீட்டுப் பிள்ளைக்குப் பணிவைச் சொல்லிக்கொடுக்கிறோம். பெருகிய வீட்டுப் பிள்ளை நிமிர்ந்து பேசினால் 'தன்னம்பிக்கை' என்று பரிசு கொடுக்கிறோம். என் பணிக்காலத்தில் இதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன், செய்தும் இருக்கிறேன்.

இந்தக் குறளின் இரண்டு பாதியையும் வாழ்ந்து காட்டிய ஒருவர் நம் பாட்டன்மாரில் இருக்கிறார். பெருஞ்சித்திரனார், புறநானூற்றுப் புலவர். அவர் வீட்டு வறுமையை 160ஆம் பாட்டில் அவரே சொல்கிறார். பசித்த பிள்ளை வீட்டில் நிற்கப் பிடிக்காமல் திரிகிறான். பால் இல்லாத மார்பைச் சுவைத்துப் பார்க்கிறான். வெறும் பானையைத் திறந்து பார்த்து அழுகிறான். அம்மா புலி வருகிறது என்று பயம் காட்டுகிறாள், நிலாவைக் காட்டுகிறாள், எதற்கும் அழுகை நிற்கவில்லை. இதைவிடச் சுருக்கம் என்று ஒன்று உண்டா? அந்த நிலையில் இருந்தவர், அதியமான் நெடுமான் அஞ்சியிடம் பரிசிலுக்குப் போகிறார். அதியமான் இவரை நேரில் பார்க்காமல் பரிசை மட்டும் கொடுத்து அனுப்புகிறான். புலவர் வாங்கவில்லை. "காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்" என்கிறார். முகம் பார்க்காமல் தந்த பொருளை வாங்கிப்போக நான் வியாபாரி இல்லை. என்னைக் கண்டு, என் தகுதி அறிந்து தினையளவு தந்தாலும் போதும் என்கிறார். வீட்டில் பிள்ளை அழுதுகொண்டிருக்கிறான் என்பதை மறந்துவிடாமல் இந்தப் பாட்டைப் படிக்க வேண்டும்.

இன்றைய ஆசிரியர் அறையில் இவரைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். "சோத்துக்கு இல்ல, பேச்சப் பாரு."

பின்பு குமணன் அவருக்குப் பெருஞ்செல்வம் கொடுக்கிறான். பெருக்கம் வந்துவிட்டது. இப்போது என்ன செய்கிறார்? 163ஆம் பாட்டில் மனைவியிடம் சொல்கிறார்: உன்னை விரும்பினவர்க்கும் கொடு, நீ விரும்பினவர்க்கும் கொடு, சுற்றத்தாருக்குக் கொடு, நம் பசி தீரக் கடன் தந்தவர்களுக்குக் கொடு; இன்னாருக்கு என்று பார்க்காதே, என்னைக் கேட்கவும் வேண்டாம், வைத்திருந்து வாழ்வோம் என்று எண்ணாதே, எல்லோருக்கும் கொடு. நேற்று அரசன் முன்னால் வளையாத கழுத்து, இன்று ஊருக்கெல்லாம் வளைகிறது. மேலே இருக்கிறவனிடம் நிமிர்வும் கீழே இருக்கிறவனிடம் பணிவும். நாம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக வாழ்கிறோம். அதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்றால் நம் முதுகு எப்படி வளைகிறது, அவர் வண்டி திரும்பியதும் வகுப்பில் நம் குரல் எப்படி உயர்கிறது என்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பணிவு என்ற பாடத்தை அவர்கள் அங்கேதான் படிக்கிறார்கள்.

"டீச்சர், நீங்க ஓய்வு பெற்றுப் போயிட்டீங்க. இப்போ வகுப்புல நின்னு பாத்தாத் தெரியும். பிள்ளைங்க எங்கள மதிக்கிறதே இல்ல" என்று என்னிடம் படித்து இப்போது ஆசிரியராக இருக்கிற சிலர் சொல்கிறார்கள். அதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆசிரியரைக் கேலி செய்து கைப்பேசியில் படம் எடுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். செருக்கு என்ற நோய் பிள்ளைகளுக்கு வராது என்று நான் சொல்லவே மாட்டேன். வந்திருக்கிறது, கொலைவெறி அளவுக்கு வந்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த பட்டியல் சாதி மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்களே, வெட்டியவர்கள் அவன் பள்ளியில் படித்தவர்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் கட்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. அந்தக் கயிறுகள் நேற்று வந்தவை அல்ல. நான் பணியில் இருந்தபோதே மணிக்கட்டில் மஞ்சளும் சிவப்புமாகப் பார்த்திருக்கிறேன். கோயில் கயிறு என்று சொன்னார்கள், விட்டுவிட்டோம்.

இங்கேதான் என் மனம் நோகிறது. சைக்கிளை விட்டு இறங்காதவனின் திமிர் நம் கண்ணில் உடனே பட்டது. கயிறு கட்டியவனின் திமிர் படவே இல்லை. அவன் வாசலில் நம்மைப் பார்த்ததும் இறங்கிவிடுவான், கையைக் கட்டிக்கொண்டு நிற்பான், "சரிங்க சார்" என்பான். அவன் பணிவுக்கு 'ஏ' போட்டிருப்போம். அவன் செருக்கு முழுவதும் தனக்குக் கீழே என்று அவன் நினைத்தவர்கள் பக்கம் திரும்பியிருந்தது. நாம் அந்தப் பக்கம் நிற்கவில்லை, அதனால் தெரியவில்லை.

எது தகுந்த பெருமிதம், எது கெட்ட செருக்கு என்று பிள்ளைகளுக்கு எப்படிப் பிரித்துச் சொல்வது என்று கேட்பீர்கள். தொல்காப்பியம் ஒரு வழி வைத்திருக்கிறது. மெய்ப்பாடுகள், அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்வுகள், எட்டில் ஒன்றாகப் பெருமிதத்தைச் சொல்லி, அது நான்கு காரணத்தால் பிறக்கும் என்கிறது: கல்வி, தறுகண், புகழ், கொடை. படிப்பு, அஞ்சாமை, நல்ல பெயர், கொடுக்கும் குணம். நான்கும் ஒருவன் தன் உழைப்பால் தேடிக்கொள்ள வேண்டியவை. பிறந்த குலம் அந்தப் பட்டியலில் இல்லை. பணமும் இல்லை, செல்வத்தைத் தொல்காப்பியர் உவகைக்குக் காரணமாக வைக்கிறார், பெருமிதத்துக்கு அல்ல. பணம் வந்தால் மகிழ்ந்துகொள், அதற்காக நெஞ்சை நிமிர்த்தாதே என்பது போல இருக்கிறது. ஒரு வகுப்பில் இந்த நான்கையும் எழுதிப்போட்டு, "உனக்கு எதில் பெருமிதம்?" என்று ஒவ்வொரு பிள்ளையையும் கேட்டுப் பாருங்கள். நான் என் கடைசி ஆண்டில்தான் கேட்டேன். தங்கையைத் தினமும் பள்ளிக்குக் கூட்டிவந்து விடுவதில் என்று ஒருவன் சொன்னான். கிணற்றில் விழுந்த ஆட்டுக்குட்டியை இறங்கித் தூக்கியதில் என்று ஒருத்தி சொன்னாள். எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டவர்கள்தாம் நிறையப் பேர். அந்தத் தலைகுனிவைப் பணிவு என்று இத்தனை ஆண்டு நினைத்துக்கொண்டிருந்தேனே!

இதே பெருமிதம் என்ற சொல்லை வள்ளுவர் குற்றமாகவும் சொல்கிறார். "பெருமை பெருமிதம் இன்மை" என்பது அவர் வாக்கு. ஒரே சொல் ஒரு நூலில் அழகாகவும் இன்னொரு நூலில் அழுக்காகவும் நிற்கிறது. இதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை. பெரியவர்களே இதில் ஒருமுடிவாக இல்லை, நீயும் யோசி என்று சொல்லலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது புரியும்.

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒன்று. என்னோடு வேலை பார்த்த கன்னியாஸ்திரீ ஒருவர் எனக்கு ஒரு செய்தி சொன்னார். ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் போப்பாண்டவர் முதலாம் கிரகோரி செருக்கை எல்லாப் பாவங்களுக்கும் வேர் என்று வகுத்தார். கிறித்தவ உலகம் அதை ஏற்றுக்கொண்டது. 1960இல் வேலரி செய்விங் என்ற அமெரிக்கப் பெண் ஒரு கட்டுரையில், இது ஆணின் அனுபவத்திலிருந்து எழுதப்பட்ட பாவக் கணக்கு என்று மறுத்தார். பெண்ணுக்கு வரும் சோதனை தன்னைப் பெரிதாக எண்ணுவது அல்ல. தனக்கென்று எதுவும் இல்லாமல் கரைந்துபோவதுதான் என்றார். அந்தச் சகோதரி இதைச் சொல்லிவிட்டு வெகுநேரம் பேசவில்லை. எனக்கு என் அம்மா நினைவு வந்தது. 'அடக்க ஒடுக்கமான பொண்ணு' என்று ஊர் முழுவதும் பெயர் வாங்கியவர். அவருக்குப் பிடித்த காய் எது என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

அப்துல் கலாம் கதையை நீங்கள் எல்லோரும் வழிபாட்டுக் கூட்டத்தில் சொல்லியிருப்பீர்கள். 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் கலாம். செய்தியாளர்களைச் சந்தித்துத் தோல்வியைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டவர் விண்வெளி நிறுவனமான இஸ்ரோவின் தலைவர் சதீஷ் தவான். மறு ஆண்டு ஜூலை 18 அன்று ஏவியது வென்றபோது, பேசச் சொல்லி அவர் முன்னால் அனுப்பியது கலாமை. இந்தக் கதையைப் பிள்ளைகளுக்கு விடாமுயற்சிப் பாடமாகச் சொல்கிறோம். இது பிள்ளைகளுக்கான கதையே அல்ல, நமக்கானது. நாம் தவானின் இடத்தில் இருக்கிறவர்கள். தேர்ச்சி நூறு விழுக்காடு வந்தால் பள்ளி வாசலில் நம் படத்தோடு பதாகை. குறைந்தால், "என்ன சொன்னாலும் இதுங்க மண்டையில ஏறாது." பிள்ளை தோற்றபோது "நான் சரியாக நடத்தவில்லை" என்று வகுப்பில் நின்று சொன்ன ஆசிரியர் ஒருவரை என் பணிக்காலம் முழுவதும் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். கணக்கு ஆசிரியர். அவர் வகுப்பில் யாரையும் முட்டி போட வைத்ததில்லை. ஓசை எழுந்ததும் இல்லை.

அதனால் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். பணிவுக்கு மதிப்பெண் போடும் கட்டத்தை அட்டையிலிருந்து எடுத்துவிடுங்கள். எடுக்க முடியாது, மேலிடத்து உத்தரவு என்றால், அதில் எழுதுவதற்கு முன்னால் அந்தப் பிள்ளை தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளிடமும், பள்ளித் துப்புரவுப் பணியாளரிடமும், சத்துணவு ஆயாவிடமும் எப்படிப் பேசுகிறான் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். நம்மிடம் எப்படி நடந்துகொள்கிறான் என்பது அவன் பணிவுக்குச் சாட்சி ஆகாது. ஒரு பிள்ளை நிமிர்ந்து நிற்கிறது என்று தோன்றினால், ஏன் என்று அதையே கூப்பிட்டு, தனியாக, உட்கார வைத்துக் கேளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று வகுப்பில் சொல்லுங்கள். தவறாகச் சொல்லிவிட்டால் மறுநாள் வந்து திருத்துங்கள். எனக்கு அதற்கு இருபது ஆண்டு பிடித்தது. முதல்முறை சொன்னபோது குரல் நடுங்கியது. பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. கடைசி வரிசையில் ஒருவன், "பரவாயில்ல டீச்சர்" என்றான்.

அந்தச் சைக்கிள் பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. நாற்பத்தைந்தைத் தாண்டியிருப்பான். அவனுக்கும் பிள்ளைகள் இருக்கலாம், உங்களில் யாருடைய வகுப்பிலாவது உட்கார்ந்திருக்கலாம். இந்த மடல் அவன் கண்ணில் பட்டால், அன்று உன் அம்மாவிடம் சொல்லாததை இன்று சொல்கிறேன் தம்பி: தவறு என்னுடையது. உன் சான்றிதழில் 'நன்று' என்று இருந்திருக்க வேண்டும்.

பேத்தியின் அட்டையில் பெற்றோர் கையொப்பம் கேட்டிருந்தார்கள். என் மகள் கையெழுத்துப் போட்டாள். சிவப்பு வரிக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. அதில் நான் நீல மையில் எழுதியனுப்பினேன்: "அவள் கேட்டதற்கு விடை 125ஆம் குறளில் இருக்கிறது. பள்ளி திறந்ததும் வகுப்பில் ஒருமுறை படித்துக் காட்டுங்கள் டீச்சர்."

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருத்தி